பாஸாகிட்டா என்ன பண்றது? மேல்மலை தம்பி ஒருத்தரோட நிகழ்வு ஆய்வு

வயிறு கலக்குதுன்னு வந்த கேஸ் இது. வயசு 28, கொடைக்கானல் மேல்மலை பக்கம் ஒரு கிராமம், பூண்டு விவசாயம் பாக்குற குடும்பம், வீட்டுல மொத டிகிரி இவர் தான், சில வருஷமா குரூப் 4-க்கு படிச்சுக்கிட்டு இருக்கார். டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட போயி ஸ்கேன், ரத்தம் எல்லாம் பாத்து ஒண்ணும் இல்ல, டென்ஷன் தான்னு சொல்லி எங்கிட்ட அனுப்பி வெச்சிருந்தாங்க, நான் கீழ இருந்து வாரத்துல ஒரு நாள் கொடைக்கானல் வந்து உக்காருற கவுன்சிலர். பேரு வேண்டாம், தம்பின்னே எழுதுறேன். ஊரு, குடும்பம் பத்தி சில விவரத்த மாத்தியிருக்கேன், எழுதி முடிச்சு அவருக்கு படிச்சும் காட்டிட்டேன், ஒரு இடத்துல மட்டும் "அக்கா இத கொஞ்சம் கொறைச்சுக்கங்க" ன்னாப்ல, கொறைச்சாச்சு.

இத ஏன் இவ்ளோ நீளமா எழுதுறேன்னா, தோத்துருவோமோன்னு பயப்படுறவங்கள நம்ம எல்லாருக்கும் தெரியும், அவங்களுக்கு என்ன சொல்லணும்ன்னும் ஓரளவு தெரியும். ஜெயிச்சுருவோமோன்னு பயப்படுறவங்க நம்ம கண்ணுல படவே மாட்டாங்க, ஏன்னா வெளிய இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி தான் தெரியும், படிக்காம சுத்துறான் பொறுப்பில்லன்னு. இந்த தம்பிகிட்ட ரெண்டு பயமும் இருந்துச்சு, ரெண்டாவது தான் பெருசு.

இதுவரைக்கும் நடந்தது

டிகிரி முடிச்ச கொஞ்ச நாள்ல ஒரு இலவச கோச்சிங் க்ளாஸ்ல சேந்திருக்காப்ல. அங்க ஒரு மாடல் டெஸ்ட்ல க்ளாஸ் ஃபர்ஸ்ட். திண்டுக்கல்ல காசு கட்டி படிச்சுட்டு வந்தவங்களையும் தாண்டி. சார் எல்லார் முன்னாடியும் எந்திரிக்க சொல்லி கைதட்ட வெச்சிருக்கார், "இந்த வருஷம் நம்ம க்ளாஸ்ல உறுதியா ஒரு போஸ்டிங் இவன் தான்" ன்னு. தம்பி எங்கிட்ட சொன்னது: "அந்த டெஸ்ட்டுக்கு அப்புறம் தான்க்கா எல்லாம் போச்சு." பாராட்டுனதுல இருந்து போச்சுன்னு ஒருத்தர் சொன்னா அங்கயே நிறுத்தி கேக்கணும், ஆனா மொத நாள் நான் அத குறிச்சு மட்டும் வெச்சுக்கிட்டேன், ஏன்னா அவர் வந்தது வயித்துக்காக.

அதுக்கப்புறம் எழுதுன (எழுதாத) எக்ஸாமெல்லாம் வரிசையா கேட்டேன். ஒரு தடவ ஹாலுக்கு போயி உக்காந்தாச்சு, தமிழ் பகுதி நல்லா போயிருக்கு, கணக்கு வந்ததும் கை நடுங்கியிருக்கு. டிஎன்பிஎஸ்சி ஓஎம்ஆர் ஷீட்ல இப்போ எந்தக் கேள்வியையும் காலியா விடக்கூடாது, தெரியலன்னா 'ஈ' ன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு அத கருப்படிக்கணும், இவர் தெரிஞ்ச கணக்குக்கே ஈ போட்டுட்டு கடைசி அரை மணி நேரம் பேனாவ மூடி வெச்சுட்டு சும்மா உக்காந்திருக்காப்ல. இன்னொரு தடவ மேல இருந்து வர்ற மொத பஸ்ஸ விட்டுட்டு ஜீப்புல தொத்திக்கிட்டு வந்து சேரும்போது 9 மணி தாண்டி கேட்ட சாத்திட்டாங்க. அதுக்கு அடுத்த தடவ எக்ஸாமுக்கு மொத நாள் ராத்திரி பூண்டு லோடு ஏத்திக்கிட்டு காட்ரோடு வழியா பெரியகுளம் பக்கம் வடுகபட்டி மார்க்கெட்டுக்கு போயிட்டாப்ல, "லோடு போட ஆள் இல்லக்கா, என்ன பண்றது". சித்தப்பா லோடு தான் அது, சித்தப்பாவுக்கு டிரைவர் இருக்கார், அந்த டிரைவர் அன்னைக்கு ஊர்ல தான் இருந்திருக்கார். இது எல்லாம் பின்னாடி தெரிஞ்சது.

படிப்புல குறை ஒண்ணும் இல்லன்னு சொல்லணும். குரூப் 4-ல 200 கேள்வி, 300 மார்க், அதுல 100 கேள்வி தமிழ், அதுல 40 சதவீதம் எடுத்தா தான் மீதிய திருத்தவே செய்வாங்க, இவருக்கு தமிழ் தண்ணி பட்ட பாடு. பொது அறிவு சுமாருக்கு மேல. கணக்கும் ரீசனிங்கும் 25 கேள்வி, அதுல தான் தடுமாற்றம், அதுவும் வீட்டுல உக்காந்து போட்டா வந்துருது.

மதிப்பீடு

மொதல்ல பாக்க வேண்டியத பாத்தேன். பிஎச்க்யூ-9ன்னு மனச்சோர்வு எவ்ளோ இருக்குன்னு பாக்குற ஒன்பது கேள்வி, அத தமிழ்ல கேட்டேன், லேசான அளவுல தான் வந்துச்சு, தூக்கமும் பசியும் எக்ஸாம் ஒட்டுன வாரங்கள்ல மட்டும் கெடுது, மத்த நாள்ல மண்வெட்டி எடுத்தா சாயங்காலம் வரைக்கும் வேலை பாக்குறாப்ல. அந்த ஒன்பதாவது கேள்வி, சாகணும்ன்னு தோணுதான்னு கேக்குறது, சில பேர் கூச்சப்பட்டு தாண்டிருவாங்க, நான் நேரா கேப்பேன். இல்லன்னாப்ல. இருக்குன்னு சொல்லியிருந்தா இந்த கேஸ் வேற ரூட்ல போயிருக்கும், மனநல டாக்டர்கிட்ட அனுப்பியிருப்பேன், நடுராத்திரி அவசரத்துக்கு டெலி மானஸ்ங்கற அரசாங்க மனநல ஹெல்ப்லைன் 14416 நம்பர் எழுதி குடுத்திருப்பேன் (அத எப்படியும் குடுத்து வெச்சேன், மேல சிக்னல் கிடைக்குற எடத்துல நின்னு பேசணும், அது வேற கொடுமை). தண்ணி, சிகரெட் இல்ல. மாத்திர தேவைப்படல.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டேன். லோடு ஏத்திட்டு போன அன்னைக்கு ராத்திரி எப்படி இருந்துச்சு தம்பின்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "நல்லா தூங்குனேன்க்கா. அந்த மாசத்துலயே அன்னைக்கு தான் நல்லா தூங்குனேன்" ன்னாப்ல. சொல்லிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆயிருச்சு.

இந்த நிம்மதி தான் ஆள மாட்டி வெக்கிறது. பயப்படுற எடத்துல இருந்து ஒதுங்குனதும் உடம்பு உடனே லேசாகுது, அந்த லேசான உணர்வே ஒதுங்குனதுக்கு கிடைச்ச பரிசு மாதிரி ஆகிருது, அடுத்த தடவ இன்னும் கொஞ்சம் முன்னாடியே ஒதுங்க தோணும். இவர் வரிசையவே பாருங்க, மொதல்ல ஹாலுக்குள்ள வந்து ஒதுங்குனாப்ல, அப்புறம் கேட்ல, அப்புறம் மலையவிட்டே எறங்கி வடுகபட்டில. யாரும் சோம்பேறித்தனம்ன்னு சொல்ல முடியாது, ராத்திரி பூரா லோடு ஓட்டுறவன் சோம்பேறியா?

இன்னொன்னும் கவனிக்கணும், ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கையில இருக்கு. பஸ், லோடு, தலைவலி. தோத்தாலும் "நான் ஒழுங்கா எழுதியிருந்தா" ன்னு ஒரு பாக்கி இருந்துக்கிட்டே இருக்கும். 1978-ல பெர்க்ளாஸ், ஜோன்ஸ்ன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணுனாங்க, காலேஜ் பசங்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சு, ஒரு பாதிப் பேருக்கு விடை கண்டுபிடிக்க முடியுற கேள்வியும் இன்னொரு பாதிக்கு விடையே இல்லாத கேள்வியும் குடுத்து, எல்லார்கிட்டயும் "பிரமாதமா பண்ணிட்டீங்க" ன்னு சொல்லிட்டாங்க. அடுத்த டெஸ்ட்டுக்கு முன்னாடி ரெண்டு மாத்திரைல ஒண்ண எடுத்துக்கலாம், ஒண்ணு மூளைய சுறுசுறுப்பாக்கும், இன்னொன்னு மந்தமாக்கும்ன்னு சொன்னாங்க. விடையில்லாத கேள்விக்கு பாராட்டு வாங்குன ஆம்பளைப் பசங்கள்ல நெறைய பேர் மந்தமாக்குற மாத்திரைய தான் எடுத்தாங்க. எப்படி ஜெயிச்சோம்ன்னே தெரியாத ஜெயிப்ப மறுபடியும் காட்ட சொன்னா எவனும் பதறத்தான் செய்வான், முன்கூட்டியே ஒரு சாக்கு ரெடி பண்ணிக்குவான்.

நம்ம தம்பிக்கு அந்த மாடல் டெஸ்ட் அப்படித்தான் இருந்திருக்கு. "எப்படி ஃபர்ஸ்ட் வந்தீங்க?" ன்னு கேட்டா "லக்குக்கா, தெரிஞ்சதா வந்துச்சு." அதுக்கு முன்னாடி எத்தன மாசம் காலைல எந்திரிச்சு படிச்சாப்லன்னு கேட்டப்ப தான் வாய் திறந்தாப்ல, அதுவும் ஏதோ குத்தம் பண்ணுன மாதிரி.

ஊர்ல ரெண்டு பேர்

மொத சில வாரத்துல கிடைச்ச முக்கியமான விஷயம் இது, புஸ்தகத்துல இருக்காது.

இவங்க ஊர்ல ஒரு பெரியவர், சின்ன வயசுல வருஷக்கணக்கா கவர்மெண்டு பரீட்சை எழுதி கெடைக்காம போனவர். இன்னைக்கும் அவர "கலெக்டரு" ன்னு தான் கூப்பிடுறாங்க. அவர் பேத்தி வயசு புள்ளைக்கு கூட அவரோட நெஜப் பேரு தெரியாதாம். இப்ப டீக்கடைல தம்பியயும் "என்ன சின்ன கலெக்டரே" ன்னு கேக்க ஆரம்பிச்சிருக்காங்க. கேலிக்கு தான், கெட்ட எண்ணம் இல்ல, ஆனா அந்த டீக்கடைய சுத்தி அரை கிலோமீட்டர் வேற பாதைல போறாப்ல.

இன்னொருத்தர் பெரியப்பா மகன். வேலை கெடைச்சு சென்னை போனவர். வேலப்பர் கோயில் திருவிழாவுக்கு ரெண்டு வருஷம் வரல. அவ்ளோ தான், "மலைய மறந்துட்டான், சம்பளம் வந்ததும் சொந்தம் கசந்துருச்சு" ன்னு ஊரே பேசுது, அவரோட அம்மா அந்த பேச்ச கேட்டுக்கிட்டு தான் தினம் தண்ணி புடிக்க போகணும்.

ஆக ஊர்ல எழுதி தோத்தவருக்கு ஒரு பட்டம், எழுதி ஜெயிச்சவருக்கு ஒரு பட்டம். எழுதாம பூண்டு போடுறவனுக்கு பட்டம் எதுவும் இல்ல. இத தம்பி வாயால சொல்லல, நான் ரெண்டு கதையும் பக்கத்து பக்கத்துல எழுதி காட்டுனப்போ ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்தாப்ல.

அன்னைக்கு தான் கேட்டேன், "நாளைக்கே ஆர்டர் வந்துருச்சுன்னு வெச்சுக்கங்க, ராமநாதபுரத்துலயோ கடலூர்லயோ போஸ்டிங். மொத என்ன தோணுது?" சந்தோஷம்ன்னு சொல்லுவாப்லன்னு நெனச்சா, "அம்மா ஒத்தையா எப்படி பூண்டு வெட்டும்" ன்னாப்ல. அப்புறம் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. அப்பா இல்ல, மேல் தோட்டம் சித்தப்பாவோட பொதுவுல கெடக்கு, இவர் எறங்கிப் போனா பாகம் பிரிக்கணும்ங்கற பேச்சு வரும். தங்கச்சி வீட்டுல இருந்து கடன் கேப்பாங்க, குடுக்கலன்னா பெரியப்பா மகன் கதை தான். கீழ வெயில்ல இருக்க முடியுமான்னு தெரியல. ஆபீஸ்ல இங்கிலீஷ்ல பேசுனா என்ன பண்றது. கூட்டாளிங்க பழைய மாதிரி வாடா போடான்னு பேசுவாங்களா.

இதுல எது பொய் சொல்லுங்க? ஒண்ணு ரெண்ட தவிர எல்லாமே நடக்கக்கூடியது தான். அதுனால தான் "பாசிட்டிவா நெனைங்க" ன்னு சொல்றவங்கள பாத்தா எனக்கு எரிச்சல் வரும். ஜெயிப்புக்கு பயப்படுறவங்கள்ல முக்கால்வாசிப் பேர், ஜெயிச்சா கூடவே வர்ற பில்லுக்கு தான் பயப்படுறாங்க. பில்ல கிழிச்சு போட முடியாது, எவ்ளோன்னு பாத்து எத எப்படி கட்டலாம்ன்னு பேசணும்.

இது பழைய விவாதம் தான். அமெரிக்காவுல மட்டீனா ஹார்னர்ங்கற உளவியல் ஆராய்ச்சியாளர் 1960-கள் கடைசியில காலேஜ் பொண்ணுங்ககிட்ட "ஆன்ங்கற பொண்ணு மெடிக்கல் காலேஜ்ல மொத டேர்ம் பரீட்சைல க்ளாஸ் ஃபர்ஸ்ட் வந்திருக்கா" ன்னு ஒரு வரி குடுத்து மீதி கதைய எழுத சொன்னாங்க. பாதிக்கு மேல பொண்ணுங்க எழுதுன கதைல ஆனுக்கு ஏதாவது கெட்டது நடந்துச்சு, கூட்டாளி போச்சு, கல்யாணம் நடக்கல, இந்த மாதிரி. ஆம்பளைப் பசங்களுக்கு ஆன் எடத்துல ஜான்னு குடுத்தா பத்துல ஒருத்தர் கூட அப்படி எழுதல. உடனே "பொண்ணுங்களுக்கு ஜெயிக்க பயம்" ன்னு கெளப்பி விட்டாங்க, பின்னாடி பண்ணுன ஆய்வுல எல்லாம் அந்த வித்தியாசம் ஒரே மாதிரி வரல, அந்தப் பொண்ணுங்க மனசுக்குள்ள இருக்குற பயத்த எழுதல, அந்தக் காலத்துல முன்னாடி வர்ற பொண்ண ஊரு என்ன பண்ணும்ங்கறத தான் எழுதுனாங்கன்னு நெறைய பேர் எடுத்து சொன்னாங்க. எனக்கும் அந்த வாசிப்பு தான் சரியா படுது. மேல்மலைல ஆனுக்கு பதிலா பெரியப்பா மகன்.

ரெண்டு ஏணி

பயத்துக்கு கொஞ்சம் கொஞ்சமா பழகுறதுங்கறது ஒண்ணும் புதுசு இல்ல, 1924-ல மேரி கவர் ஜோன்ஸ்ன்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் (இவங்க வேற ஜோன்ஸ்) முயலுக்கு பயந்த ஒரு சின்னப் பையன தின்பண்டம் குடுத்து குடுத்து முயல கிட்ட கிட்ட கொண்டு வந்து பழக்குனாங்க, 1958-ல வோல்பேங்கற மனநல டாக்டர் அத முறையா படிப்படியா எழுதி வெச்சார். பயம் எவ்ளோன்னு 0-ல இருந்து 100 வரைக்கும் மார்க் போட்டு, கம்மியானதுல இருந்து ஏறணும். வழக்கமா ஒரு ஏணி தான் போடுவோம். இவருக்கு ரெண்டு போட்டோம், தோத்தா தாங்குறதுக்கு ஒண்ணு, ஜெயிச்சா தாங்குறதுக்கு ஒண்ணு. ரெண்டாவது ஏணி போட்டது தான் இந்த கேஸ்ல உருப்படியான விஷயம்ன்னு நான் நெனைக்கிறேன்.

தோல்வி ஏணி சுலபமா வந்துருச்சு. 20 மார்க் பயத்துல ஆரம்பிச்சது: 25 கணக்கு, டைம் வெச்சு போடணும், தெரியலன்னா தப்பாவாவது ஒரு விடை போடணும், ஈ போடக்கூடாது. அப்புறம் அந்த தப்பான பேப்பர ஒரு கூட்டாளிகிட்ட காட்டணும். கூட்டாளி பேப்பர வாங்கி பாத்துட்டு "இது என்னடா, இந்தக் கணக்கு நானும் இப்படித்தான்டா போடுவேன்" ன்னு சொல்லிட்டு வேற கதைக்கு போயிட்டாராம். தம்பி நோட்டுல முன்கூட்டியே எழுதியிருந்தது: "சிரிப்பான். ஊர்ல சொல்லுவான்." இந்த நோட்டு முக்கியம். ஒவ்வொரு படிக்கும் முன்னாடி என்ன நடக்கும்ன்னு எழுதணும், முடிஞ்சதும் என்ன நடந்துச்சுன்னு எழுதணும். பயம் கொறைஞ்சுச்சாங்கறத விட, நெனச்சது நடந்துச்சாங்கறத தான் நான் பாப்பேன், ஏன்னா சில படில பயம் கொறையாமயே இருக்கும், ஆனா கணிப்பு தப்புன்னு தெரிஞ்சிருக்கும், அது போதும்.

அதுல உசரமான படி டீக்கடை. போயி உக்காந்து, யாராவது கேட்டா "போன தடவ நான் எழுதவே போகல மாமா, பயமா இருந்துச்சு" ன்னு சொல்லணும். 80 மார்க் போட்டிருந்தாப்ல. ரெண்டு மூணு வாரம் இழுத்துச்சு. போயி சொல்லியும் விட்டாப்ல. அங்க ஒருத்தர் "பயமா? எனக்கு பேங்குல பாரம் நெரப்புறதுக்கே பயம்டா" ன்னிருக்கார். இன்னொருத்தர் சிரிச்சுருக்கார். நோட்டுல ரெண்டையும் எழுதியிருந்தாப்ல, சிரிச்சதையும். சிரிப்பாங்கன்னு நெனச்சது நடந்துச்சு, செத்துருவேன்னு நெனச்சது நடக்கல.

ஜெயிப்பு ஏணி தான் கஷ்டம், என்ன படி வெக்கிறதுன்னே மொதல்ல பிடிபடல, ஜெயிக்கறதுக்கு எப்படி ரிகர்சல் பாக்குறது? கடைசில இப்படி வந்துச்சு. யாராவது பாராட்டுனா "லக்கு" ன்னு சொல்லாம "ஆமா, படிச்சேன்" ன்னு ஒரு வாக்கியம் சொல்றது, 30 மார்க். ஊர்ல பத்தாவது படிக்குற புள்ளைங்களுக்கு சாயங்காலம் ஒரு மணி நேரம் தமிழ் சொல்லி குடுக்கறது, அங்க ஜெயிப்பு எப்படி வருதுன்னு கண்ணால பாக்கலாம், நேத்து தெரியாதது இன்னைக்கு தெரியுது, அதுக்கு நடுவுல என்ன நடந்துச்சுன்னும் தெரியும். பாண்டுராங்கற உளவியல் அறிஞர் 1977-ல சொன்னதும் இதான், நம்மால முடியும்ங்கற நம்பிக்கை அடுத்தவங்க சொல்றத விட, நாமளே செஞ்சு பாத்ததுல இருந்து தான் உறுதியா வரும். அதுக்கு மேல, ஒரு வாரம் திண்டுக்கல்ல கூட்டாளி ரூம்ல தங்கி படிக்கறது, தோட்டத்த அம்மாகிட்ட விட்டுட்டு. 75 மார்க். நோட்டுல: "தண்ணி பாய்ச்ச மாட்டாங்க, பயிர் போயிரும்." திரும்பி வந்து எழுதுனது: "அம்மா ஆள் வெச்சு பாய்ச்சிருச்சு. கூலி அதிகமா குடுத்துருச்சு." அதாவது பாதி சரி, பாதி தப்பு. செலவு ஆகும், பயிர் போகாது.

அம்மா

அம்மாவ ஒரு தடவ வர சொன்னேன். தயங்கி தயங்கி வந்தாங்க. மகன் நல்ல மார்க் எடுத்தா யார்கிட்டயும் சொல்லாதன்னு வாய பொத்துறது இவங்க தான்னு அதுக்குள்ள தெரிஞ்சிருந்துச்சு. கேட்டா, "கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதும்மா. அந்த க்ளாஸ்ல கைதட்டுனாங்கல்ல, அன்னையில இருந்து தான் என் புள்ளைக்கு வயிறு கெட்டுப் போச்சு" ன்னாங்க. மகன் சொன்ன அதே தேதி!

அங்க உக்காந்து திருஷ்டியெல்லாம் இல்லம்மான்னு பாடம் எடுத்திருந்தா அத்தோட அந்தம்மா வந்திருக்க மாட்டாங்க, மகனயும் விட்டிருக்க மாட்டாங்க. அதுக்கு பதிலா ஒண்ணு கேட்டேன், மார்க்க மறைக்கறதுக்கு பதிலா, சித்தப்பா வீட்டுல எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, அன்னைக்கு ராத்திரியே உப்பு மொளகா சுத்திப் போட்டா என்ன? கொஞ்சம் யோசிச்சாங்க. "போடலாம். தெனமும் வேணும்ன்னாலும் போடுறேன்" ன்னாங்க. நம்ம துறைல சில பேருக்கு இது பிடிக்காது, மூடநம்பிக்கைய வளக்குறன்னு சொல்லுவாங்க, சொல்லட்டும். மறைக்குற வேலைய நிறுத்துனது தான் எனக்கு வேணும், சுத்திப் போட்டதுல தம்பிக்கு ஒண்ணும் கெடல, அம்மாவுக்கு தூக்கம் வந்துச்சு.

நடுவுல காணாம போனது

எல்லாம் நல்லா போயிட்டு இருக்கும்போது ஒரு ஆன்லைன் மாடல் டெஸ்ட்ல இதுவரைக்கும் எடுக்காத மார்க். மெசேஜ் போட்டாப்ல, பக்கத்துல ஒரு சிரிப்பு படம். அடுத்த வாரம் வரல. அதுக்கடுத்த வாரமும் வரல, ஃபோன் சுவிட்ச் ஆஃப். வடுகபட்டிக்கு லோடு போயிட்டு இருந்தாப்ல.

தோல்விக்கு அப்புறம் இல்ல, பெரிய ஜெயிப்புக்கு அப்புறம் தான் ஆள் மறையுறார்ங்கறதுக்கு இத விட தெளிவான சாட்சி வேண்டாம். திரும்பி வந்தப்ப திட்டவும் இல்ல, ஏன்னு தோண்டவும் இல்ல, அந்த டெஸ்ட் பேப்பர வெச்சுக்கிட்டு ஒவ்வொரு சரியான விடையும் எப்படி வந்துச்சுன்னு எழுத சொன்னேன். இந்த கேள்வி ஸ்கூல் புக்குல படிச்சது, இது புள்ளைங்களுக்கு நடத்துனது, இது ரெண்டு ஆப்ஷன அடிச்சுட்டு யூகிச்சது. முழுசா எழுதி முடிக்க ரொம்ப நேரம் ஆச்சு. நெசமாவே லக்குன்னு சொல்லக்கூடியது கொஞ்சம் தான் இருந்துச்சு. அந்த தாள மடிச்சு பாக்கெட்ல வெச்சுக்கிட்டாப்ல, நான் சொல்லல.

அதுக்கப்புறம் பில்லு பக்கம் வேலை. சித்தப்பாகிட்ட பேசி, போஸ்டிங் வந்தா மேல் தோட்டத்த சித்தப்பா வாரத்துக்கு (வெளைச்சல்ல பங்கு வெச்சு) பாக்கறது, வீட்டுக்கு கீழ இருக்குற ரெண்டு படிக்கட்டு வயல மட்டும் அம்மா பாக்கறதுன்னு ஒரு பேச்சு. சித்தப்பா மொதல்ல "மொதல்ல பாஸ் பண்ணுடா" ன்னு சிரிச்சுட்டாராம், இவர் விடாம கேட்டிருக்காப்ல. பெரியப்பா மகனுக்கு ஃபோன் பண்றது இன்னொரு படி. அவர் சொன்னது: லீவு கெடைக்கல, அது நெசம், வந்தா நாலு பேர் கடன் கேப்பாங்கன்னு பயந்துக்கிட்டு ரெண்டாவது வருஷம் தானே வரலங்கறதும் நெசம். "நீ வர்றதா இருந்தா மொத மாசமே எவ்ளோ குடுக்க முடியும்ன்னு முடிவு பண்ணிக்கோ, அதுக்கு மேல கேட்டா இல்லன்னு சொல்லிப் பழகிக்கோ" ன்னு அண்ணன் சொன்னத தம்பி அப்படியே நோட்டுல எழுதிட்டு வந்தாப்ல. என்னோட யோசனை எல்லாத்தையும் விட இது உதவுச்சு.

எக்ஸாமும் அதுக்கப்புறமும்

குரூப் 4 வந்துச்சு. மொத நாளே டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கிட்டாப்ல, பஸ் சாக்கு காலி. லோடு விஷயத்த சித்தப்பாவே பாத்துக்கிட்டார். காலைல வயிறு கலக்குச்சு, கலக்கட்டும்ன்னு முன்னாடியே பேசி வெச்சிருந்தோம், வயிறு சரியாகி அப்புறம் போறதுன்னா போகவே முடியாது. மூணு மணி நேரமும் எழுதுனாப்ல. ஈ எத்தன போட்டீங்கன்னு கேட்டேன், "நெசமா தெரியாததுக்கு மட்டும்."

ரிசல்ட் வந்துச்சு, சர்டிஃபிகேட் சரிபார்க்க கூப்பிடுற அளவுக்கு ரேங்க் வரல. சில நாள் பேசவே இல்ல, தூக்கம் போச்சு. ஆனா இந்த தடவ சாக்கு ஒண்ணும் கையில இல்ல பாருங்க, முழுசா எழுதி தோத்தது இது தான் மொத தடவ. அத அவர் எப்படி எடுத்துக்குவார்ன்னு தான் கவனிச்சுக்கிட்டு இருந்தேன். அந்த வாரக் கடைசில அவரா டீக்கடைக்கு போயி "வரல மாமா" ன்னு சொல்லிட்டு டீ குடிச்சுட்டு வந்திருக்காப்ல. அடுத்த திங்கக்கிழமை கணக்கு நோட்ட எடுத்துட்டாப்ல.

எல்லாம் சிகிச்சையால தான்னு சொல்லிக்க மாட்டேன். அந்த சீசன் பூண்டுக்கு வெல நல்லா இருந்துச்சு, வீட்டுல பண நெருக்கடி கொறைஞ்சுச்சு, அது எவ்ளோ உதவுச்சுன்னு பிரிச்சு சொல்ல முடியாது. ஒரே ஒரு ஆள் கேஸ் வேற. வேலை கெடைச்சாகணும்ங்கற கட்டாயத்துல இருக்குற குடும்பமா இருந்திருந்தா இவ்ளோ நிதானமா ஏணி ஏற நேரமே இருந்திருக்காதுங்கறதும் உண்மை.

இன்னும் மாறாதது சிலது இருக்கு. நல்ல மார்க் வந்தா அன்னைக்கு ராத்திரி இன்னும் வயிறு கலக்குது. "லக்கு" ங்கற வார்த்தை இன்னும் போகல, பாதில நிறுத்திக்கிறாப்ல, அவ்ளோ தான். புள்ளைங்களுக்கு சொல்லி குடுக்கறது மட்டும் அவரா பெருசாக்கிட்டு போறாப்ல, இப்ப பக்கத்து ஊர்ல இருந்தும் வர்றாங்களாம், அதுல பயம் வரலையான்னு கேட்டேன், "அது வேறக்கா" ன்னாப்ல, எப்படி வேறன்னு இன்னும் பேசல.

அடுத்த நோட்டிஃபிகேஷனுக்கு அப்ளை பண்ணியாச்சு. கொடைக்கானல விட்டுட்டு வேணும்ன்னே திண்டுக்கல் சென்டர் போட்டிருக்காப்ல. அதுக்கு முன்னாடி ராத்திரி தெரியாத லாட்ஜ்ல தனியா தங்கணும், அந்த ராத்திரிக்கு என்ன மார்க் போடுறாப்லன்னு அடுத்த வாரம் கேக்கணும்.